பாதிக் கடிதங்கள்

(வட்டகொடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஈரக் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை.

இந்த மேசையில் இருக்கும் பிஸ்கட் டின் எங்கள் பெரியப்பாவுடையது. அவர் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். டின்னுக்குள் ஏழு தபால் அட்டைகளும் ஒரு சீ.ஆர். கொப்பியும் இருக்கின்றன. அடுப்புக்கு மேலே பலகையில் வைத்திருந்ததால் புகை ஏறி எல்லாம் தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டன. அந்தப் புகைதான் கறையானை அண்டவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. கொழும்பில் வெளிவந்த ஒரு பத்திரிகைக்கு அவர் சிரிப்புக் கதையும் துணுக்கும் எழுதிப் போட்டார். அதற்கு வந்த பதில்கள்தான் இந்த ஏழு அட்டைகளும்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, நகைச்சுவை எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள். பெரிய பெரிய பெயர்களைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். இந்த டின்னுக்கும் திரும்பி வருவேன்.

சிரிக்க வைக்கிறவனைப் பற்றி நமக்கு ஒரு எண்ணம் உண்டு. அவனுக்குக் கஷ்டமே கிடையாது, பேனையை எடுத்தால் தானாக வரும் என்று நினைக்கிறோம். அவன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். கதை கிடைத்ததா, எந்த இதழில் வரும், எத்தனை பக்கம் வெட்டினீர்கள், பணம் எப்போது வரும், புத்தகமாகப் போடும் உரிமை யாருக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சுருக்கமாகச் சொன்னால் பேர் விழுந்ததா என்று கேட்கிறான்.

‘பேர்’ என்ற சொல்லை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்த உரையை அச்சில் படிக்கப் போகும் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செக்ரோல் ஏட்டில் பதிவாவதுதான் பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, அட்டைக்கடியில் நின்று கொழுந்து எடுத்தாலும் நிறுவையில் நிறை குறைந்தால் அரைப்பேர். ஆள் முழுநாளும் மலையில்தான் நின்றிருப்பாள், ஆனால் ஏட்டில் பாதி ஆளாகத்தான் நிற்பாள். எழுத்தாளனுக்கும் பேர் என்பது இந்த இரண்டும்தான், அச்சில் வரும் பெயர் ஒன்று, கைக்கு வரும் கூலி மற்றொன்று. பல பேருக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது அரைப்பேராகவே நின்றது.

‘ஆனந்த விகடன்’ 1926இல் பூதூர் வைத்தியநாத ஐயர் தொடங்கிய பத்திரிகை. 1928இல் எஸ்.எஸ். வாசன் அதை வாங்கினார். தலைப்பில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்வார்கள். அப்போது ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவியாசிரியர். அவர் விகடனுக்கு ‘ஏட்டிக்குப் போட்டி’ என்று ஒரு நகைச்சுவைக் கட்டுரை அனுப்பினார். அவர்தான் கல்கி. ஒரு பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறவர் இன்னொரு பத்திரிகைக்கு எழுதும்போது புனைபெயர் கைகொடுக்கும். கல்கிக்கு ஒன்றல்ல, தேனீ, கர்நாடகம் என்று பல புனைபெயர்கள் இருந்தன. 1931இல் விகடனின் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். பத்து வருஷம் தமிழ்நாடே அவர் எழுத்தைப் படித்துச் சிரித்தது. 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போனார். விகடனோடு இருந்த தொடர்பு அறுந்தது. அந்த ஆண்டே சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான முதலுக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். சிரிக்க எழுதுகிற ஒருவர் தன் எழுத்துக்குத் தானே சொந்தக்காரராக நிற்பதற்கு இத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது.

திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி. வேறு விதமாக வந்தவர். ‘ஹிந்து’வில் ஆங்கிலத்தில் நகைச்சுவை எழுதிப் புகழ்பெற்றிருந்தவரை 1933 வாக்கில் விகடன் தமிழுக்கு இழுத்து வந்தது. அவருக்கு வக்கீல் தொழில் இருந்தது. பத்திரிகையின் பதிலுக்காக அடுப்பு காத்திருக்கவில்லை. எழுத்தின் நிதானத்திலும் அது தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

என் மனதை உறுத்துவது தேவனின் கதை. ஆர். மகாதேவன், 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ‘மாஸ்டர் ராஜாமணி’ என்று ஒரு கதையை விகடனுக்கு எழுதிப் போட்டார். கல்கிக்கு அது பிடித்துப்போய் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கல்கி விலகிய பிறகு பத்திரிகையின் பாரம் பெரும்பகுதி தேவன் தலையில் விழுந்தது. அவர் தொடராக எழுதிய துப்பறியும் சாம்புவைத் தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. எங்கள் லயத்தில் அந்தத் தொடர் வந்த பழைய விகடன் இதழ்களை நூலில் கோத்துத் தைத்து வீடு வீடாகக் கொடுத்துப் படித்தார்கள். யாரோ படிக்க ஏழெட்டுப் பேர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிப்பட்ட தேவனின் தொடர்கள் புத்தகமாக வந்தது அவர் போன பிறகு. 1957இல், 43 வயதில், போய்விட்டார். வாரா வாரம் லட்சக்கணக்கானவர்கள் கண்ணில் பட்ட எழுத்தை ஒரு புத்தகமாகக் கையில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை. தொடர்கதை பத்திரிகைக்குச் சொந்தமா எழுதியவருக்குச் சொந்தமா என்ற கேள்வி எழுத்தில், கடிதத்தில், தெளிவாகத் தீர்ந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

இனி நம் மலைக்கு நெருங்கி வருகிறேன். புதுமைப்பித்தன் என்றதும் இந்த ஊரில் படித்தவர்கள் ‘துன்பக்கேணி’யைச் சொல்வார்கள். 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த கதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படுகிற பாடு. நம் பாட்டிமார் வாயால் சொல்லாமல் விட்டதை அந்தக் கதை சொல்லிவிட்டது. அதை எழுதியவர் அச்சில் காலடி வைத்தது நகைச்சுவையில். 1933இல் ‘காந்தி’ பத்திரிகையில் வந்த அவருடைய முதல் எழுத்து ‘குலோப்ஜான் காதல்’ என்ற கேலிக் கட்டுரை. பத்து வருஷம் கழித்து ‘கலைமக’ளில் கடவுளையே கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி கிளப்புக்கு அனுப்பிவைத்தவர். சிரிப்பும் துன்பக்கேணியும் ஒரே கையிலிருந்து வந்தவை. நம் மக்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சாவு வீட்டுத் தப்புச் சத்தத்துக்கு நடுவிலும் கோமாளி ஒருவன் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

‘மணிக்கொடி’ எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இருந்த பத்திரிகை இல்லை. பின்னால் புதுமைப்பித்தன் ‘தினமணி’யில் வேலை பார்த்தார். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் உடன் விலகினார். ‘தினசரி’க்குப் போனார், அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். இவ்வளவு காலமும் மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருந்தார், இவர் சென்னையில் இருந்தார். தபால்தான் குடும்பம். அவர் எழுதிய கடிதங்களைக் கமலா அம்மையார் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை இளையபாரதி ‘கண்மணி கமலாவுக்கு’ என்று தொகுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்த ‘அன்னை இட்ட தீ’ 1998இல் வந்தது. இந்த இரண்டையும் கையில் எடுங்கள். அச்சில் உலகத்தையே பரிகாசம் பண்ணியவர் வீட்டுக்கு எழுதும்போது எத்தனை ரூபாய் அனுப்ப முடியும், எது வரவேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போது சம்பள நாளன்று எங்கள் அம்மா கடைக்கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. 1948இல் காசநோயில், 42 வயதில், திருவனந்தபுரத்தில் அவர் இறந்தார்.

நான் இன்று சொல்ல வந்த முக்கியமான சங்கதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத் தொகுப்பில் இருப்பது பாதிதான். அவர் எழுதியது இருக்கிறது. கமலா எழுதியது இல்லை. கமலாவும் எழுத்தாளர், சிறுகதைகள் எழுதியவர். அவர் என்ன கேட்டார், எதற்குக் கோபித்தார், எந்தக் கதையைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொன்னார் என்பதைக் கணவரின் பதிலிலிருந்து நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வீடு கடிதத்தைக் காத்தது. அறைக்கு அறை மாறிக்கொண்டிருந்த எழுத்தாளனால் காக்க முடியவில்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் சில பகுதிகளை 1884–85இல் ‘செஞ்சுரி’ என்ற மாத இதழ் வெளியிட்டது. ஆசிரியர் கில்டர் வாசகர் முகம் சுளிப்பார்கள் என்று சில இடங்களை வெட்டினார். அந்த நிறுவனத்தின் அலுவலகக் கடிதங்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ட்வெயினின் பக்கத்துக் காகிதங்கள் கலிஃபோர்னியாவில் பாங்க்ராஃப்ட் நூலகத்தில் இருக்கின்றன. கேள்வியும் பதிலும் இரண்டு ஊரில் இருந்தாலும் இரண்டும் இருக்கின்றன.

அதே நாட்டில் எல்லிஸ் பார்க்கர் பட்லர் என்று ஒருவர் இருந்தார். 1869இல் அயோவா மாநிலத்தில் பிறந்து 1937இல் இறந்தவர். பகலில் வங்கி வேலை, மற்ற நேரத்தில் எழுத்து. இரண்டாயிரத்துக்கு மேல் கதையும் கட்டுரையும் இருநூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் எழுதினார். இருநூறு பத்திரிகை என்றால் இருநூறு ஆசிரியர்கள், இருநூறு கணக்குப் பகுதிகள், எல்லோருக்கும் கடிதம். எழுத்தாளர்களின் உரிமைக்காக 1912இல் அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். நம்மிடையே தொழிற்சங்கம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை, இவர் ஏன் அதில் சேர்ந்தார் என்பது உடனே விளங்கும். 1905இல் வந்த அவருடைய புகழ்பெற்ற கதை ஒரு பார்சல் கம்பனியின் கிளை அலுவலகத்தில் நடக்கிறது. ஆங்கிலத்தில் ‘கினிப் பன்றி’ என்று பெயர் கொண்ட இரண்டு கினி எலிகள் பார்சலில் வருகின்றன. அவை வளர்ப்புப் பிராணியா பன்றியா, எந்தக் கட்டணம் என்று கிளைக்காரர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தப் பகுதி இந்தப் பகுதிக்கு எழுதுகிறது, இந்தப் பகுதி இன்னொன்றுக்கு எழுதுகிறது. பதில் வருவதற்குள் எலிகள் குட்டி போட்டு அந்த இடத்தையே நிரப்பிவிடுகின்றன. எங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, “சேர், எங்க பதிவுச் சான்றிதழும் இப்படித்தான் சுத்துது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் ‘சிரித்திரன்’ இருந்தது. பம்பாயில் கட்டடக்கலை படிக்கப் போய் கார்ட்டூன் கலைஞராகத் திரும்பிய சிவஞானசுந்தரம் 1963இல் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன பத்திரிகை. சவாரித்தம்பர் கார்ட்டூனும் மகுடியின் கேள்வி–பதிலும் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தன. மகுடி பதில் என்பதே வாசகரும் ஆசிரியரும் நடத்திய கடிதப் போக்குவரத்துதான். இதழ்கள் பலவற்றை நூலக நிறுவனம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. 2005இலிருந்து அவர்கள் செய்துவரும் அந்த வேலைக்கு நாம் பட்ட கடன் பெரியது. அச்சில் வந்ததை அப்படிக் காப்பாற்றலாம். அச்சேறாமல் திரும்பிப்போன கதையோடு வந்த கடிதத்தை யாராவது ஒருவர் வீட்டில் வைத்திருந்தால்தான் உண்டு.

நம் வீட்டில் ஏன் வைக்கவில்லை? நம் மக்கள் கடுதாசியின் அருமை தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம்மைவிட அதைத் தெரிந்தவர்கள் யார்? ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, எவ்வளவு கடன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் நகர முடியாத காலம் இருந்தது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷச் சட்டம், கலியாணமானவர்கள் ஏழு வருஷமும் மற்றவர்கள் பத்து வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. இந்த மண்ணில் பிறந்த மனுஷி தான் இங்கே இருந்ததற்குக் காகிதம் தேடினாள். ஒழுகும் கூரைக்குக் கீழே, பத்தடிக் காம்பராவில், ஏழு பேர் படுக்கும் இடத்தில் காகிதத்தை எங்கே வைப்பது? தோட்ட ஆபீசில் துரை கொழும்புக் கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் அலமாரியில் இருந்தது, அங்கே கூரை ஒழுகவில்லை. லயத்துக்கு வந்த கடிதத்துக்கு அலமாரி இல்லை.

அதோடு முகவரியும் இல்லை. நானு ஓயா வரை ரயில் பாதை வந்தது 1885இல். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கும் தபால் பை அன்றைக்கே தோட்ட ஆபீசுக்கு வந்துவிடும். ஆபீசிலிருந்து லயத்துக்கு வர எத்தனை நாள் என்பது தப்பால்காரரையும் கிளாக்கரையாவையும் பொறுத்தது. வீட்டுக்கு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான். பல இடங்களில் இன்றும் அப்படித்தான். இந்த நிலையிலிருந்துகொண்டு எழுதியவர்கள் நம்மவர்கள். இங்கே பக்கத்தில் மடகொம்பரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப். சி.வி.யைப் பற்றியும் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரைப் பற்றியும் சாரல் நாடன் தேடித் தேடி எழுதி வைக்காவிட்டால் நமக்கு அதுவும் மிஞ்சியிருக்காது.

இப்போது டின்னைத் திறக்கிறேன்.

பெரியப்பாவுக்குப் புனைபெயர் இருந்தது. அதை இங்கே சொல்லமாட்டேன், அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. நிறுவைத் தராசைப் பற்றி, கிளாக்கரையாவின் குடையைப் பற்றி, துரையின் நாய்க்கு வந்த காய்ச்சலைப் பற்றி எழுதுகிறவர் தன் பெயரைப் போட முடியாது. முதல் அட்டையில் அவர் கதை பிரசுரமாகும் என்று இருக்கிறது. பச்சை மையில் ஆசிரியரின் கையெழுத்து, ஓரத்தில் எங்கள் தோட்ட ஆபீசின் ரப்பர் முத்திரை. இரண்டாவது அட்டை அவருடைய வீட்டு இலக்கத்தைக் கேட்கிறது. மூன்றாவது, ஐந்து ரூபாய்க்குக் காசுக்கட்டளை அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது.

காசுக்கட்டளை வந்தது, புனைபெயருக்கு. தபாலதிபர் நல்ல மனுஷர். அந்தப் பெயர்க்காரர் நீங்கள்தான் என்று தோட்ட ஆபீசிலிருந்து ஒரு வரி வாங்கி வாருங்கள், உடனே தருகிறேன் என்றார். அந்த ஒரு வரியை வாங்கப் போனால் தராசைப் பற்றி எழுதியவர் யார் என்று ஆபீசுக்குத் தெரிந்துவிடும். பெரியப்பா ஐந்து ரூபாயை விட்டுவிட்டு வந்தார். அது திரும்பிக் கொழும்புக்குப் போயிற்று.

நான்காவது அட்டையில், திரும்பி வந்த பணத்தை வேறு பெயருக்கு அனுப்ப வருஷக் கணக்கு முடிந்துவிட்டது என்றிருக்கிறது. இந்த அட்டை எதற்குப் பதில் என்பது பல வருஷம் எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா என்ன எழுதினார், கெஞ்சினாரா, சண்டை போட்டாரா? ஐந்தாவது ஒரு கதை கேட்கிறது, தோட்டத்து விஷயம் வேண்டாம், பொதுவாக எழுதுங்கள் என்கிறது. ஆறாவதும் ஏழாவதும் கதைகளைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்கின்றன. அந்தக் கதைகள் இல்லை. கொழும்புப் பத்திரிகை நின்றுபோய் அதன் கடிதக் கட்டுகளும் எங்கோ போய்விட்டன.

போன வருஷம் இந்தக் கொப்பியை எங்கள் அக்கா எடுத்துக் கொடுத்தார். முன்பக்கத்தில் கடைக்கணக்கு. பின்னாலிருந்து திருப்பினால் கடிதத்தின் வரைவு. நாலாவது அட்டைக்கு முந்திய கடிதம் இதுதான். முதல் வரியில் ‘பணிவன்புடன் கேட்டுக்கொள்வது’ என்று எழுதி அடித்திருக்கிறார். அடுத்து ‘தயவுசெய்து’ என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார். மூன்றாவதாக எழுதி அடிக்காமல் விட்டிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: ‘நான் எழுதினேன், நீங்கள் போட்டீர்கள், அது என் ஒரு நாள் பேர்.’

கதைகள் போய்விட்டன. கேள்வியும் பதிலும் இப்போது ஒரே டின்னில் இருக்கின்றன. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயக் காம்பராவில் 2007இலிருந்து தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. இவற்றை அங்கே கொடுக்கலாமா, படம் எடுத்து நூலக நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் என்று பெயர் சொல்லி நிற்பது கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்துவைத்தது. புத்தகத்தோடு கலியாணப் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் கடிதமும் சேர்த்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன். எடுத்துக்கொண்டு போகமாட்டேன்.

கொப்பியையும் நாலாவது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து பாருங்கள். மழையில் நனைந்த கையாக இருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.